ஹைப்பீரியன் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தின் வரலாறு

ஹைப்பீரியன் ரெக்கார்ட்ஸ் என்பது 1980 ஆம் ஆண்டு இலண்டனில் தொடங்கப்பட்ட இசைத்தட்டு நிறுவனம் ஆகும். மேற்கத்தியச் செவ்வியல் இசையை மட்டுமே வெளியிட்டு வந்த இந்நிறுவனத்தை டெட் பெரி (1931–2003) நிறுவினார். பெரிய நிறுவனங்கள் தொடத் தயங்கிய அரிய இசைப் படைப்புகளைப் பதிவு செய்வதே இதன் தனித்தன்மை. பன்னிரண்டாம் நூற்றாண்டுத் துறவினி ஒருவரின் பாடல்கள், சூபர்ட்டின் எல்லாப் பாடல்கள், லிஸ்ட்டின் எல்லாப் பியானோ படைப்புகள் ஆகியவை இதன் புகழ்பெற்ற வெளியீடுகளுள் சில. 2004–2005 ஆண்டுகளில் பதிப்புரிமை வழக்கு ஒன்றில் தோற்று, மூடப்படும் அபாயத்துக்கு அருகில் சென்று மீண்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு குடும்பத்தின் கையில் சுயேச்சையாக இயங்கிய பின், 2023 இல் யுனிவர்சல் மியூசிக் குழுமத்துக்கு விற்கப்பட்டது.

கிரேக்கப் புராணத்தில் ஹைப்பீரியன் என்பவன் டைட்டன் எனப்படும் மூத்த தெய்வ இனத்தைச் சேர்ந்தவன். சூரியன், சந்திரன், வைகறை ஆகிய மூவருக்கும் தந்தை. நிறுவனம் தன் பெயரை இங்கிருந்தே எடுத்துக்கொண்டது.

பின்னணி

இசைத்தட்டுத் துறையில் ‘சுயேச்சை நிறுவனம்’ என்பது பெருங்குழுமம் எதற்கும் உட்படாமல், தன் சொந்த முதலீட்டில் இசையைப் பதிவு செய்து விற்கும் நிறுவனத்தைக் குறிக்கும். 1970களின் இறுதியில் ஐரோப்பாவின் செவ்வியல் இசைச் சந்தை இஎம்ஐ, டெக்கா, பிலிப்ஸ், டாய்ச்ச கிராமபோன் போன்ற சில பெரிய பெயர்களின் கையில் இருந்தது. புகழ்பெற்ற நடத்துநர்களும் பாடகர்களும் அவற்றுடன் நீண்டகால ஒப்பந்தத்தில் இருந்தனர். பீத்தோவனின் சிம்பொனிகள் போன்ற நன்கு விற்கும் படைப்புகளே திரும்பத் திரும்பப் பதிவாயின.

இதனால் இரண்டு வெற்றிடங்கள் உண்டாயின. ஒன்று, அதிகம் அறியப்படாத இசையமைப்பாளர்களின் படைப்புகளைக் கேட்க வழியில்லை. மற்றொன்று, திறமை இருந்தும் பெரும்புகழ் பெறாத இசைக்கலைஞர்களுக்குப் பதிவு வாய்ப்பு இல்லை. இந்த வெற்றிடங்களை நிரப்பச் சிறு நிறுவனங்கள் முளைத்தன. சுவீடனில் 1973 இல் பிஸ் நிறுவனமும், இங்கிலாந்தில் 1979 இல் சாண்டோஸ் நிறுவனமும் தோன்றின. அதே வரிசையில் அடுத்து வந்தது ஹைப்பீரியன்.

நிறுவனர் டெட் பெரி

ஜார்ஜ் எட்வர்டு பெரி என்பது இவரது முழுப்பெயர். 1931 இல் இங்கிலாந்தின் டார்பி நகரில் பிறந்தார். இவர் இசைக் கல்லூரியில் பயின்றவர் அல்லர். எந்த இசைக்கருவியையும் தொழிலாக வாசித்தவரும் அல்லர். இளம் வயதில் இசைத்தட்டுக் கடையில் விற்பனையாளராக வேலை செய்தார். எந்தத் தட்டை யார் வாங்குகிறார்கள், எதைக் கேட்டு வந்து கிடைக்காமல் திரும்பிப் போகிறார்கள் என்பதைக் கடையில் நின்று கற்றுக்கொண்டார். சில ஆண்டுகள் ஆஸ்திரேலியாவிலும் இத்துறையில் பணியாற்றினார்.

இங்கிலாந்து திரும்பிய பின், மலிவு விலையில் இசைத்தட்டு வெளியிட்ட சாகா நிறுவனத்தில் வேலை பார்த்தார். 1970களின் பிற்பகுதியில் மெரிடியன் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவராகவும் இருந்தார். அதிலிருந்து விலகி, தன் ஐம்பதாவது வயதை நெருங்கும் வேளையில் ஹைப்பீரியனைத் தொடங்கினார்.

கையில் பெரிய முதல் இல்லை. எனவே வாடகைக் கார் ஓட்டி வருமானம் ஈட்டிக்கொண்டே நிறுவனத்தை நடத்தினார். அவ்வாறு சேர்த்த பணத்தைப் பதிவுச் செலவுக்குப் பயன்படுத்தினார். வாடகைக் கார் ஓட்டுநர் இசைத்தட்டு நிறுவனம் நடத்திய இக்கதை பின்னாளில் பிரித்தானிய இசையுலகில் பலரும் எடுத்துச் சொல்லும் செய்தியாயிற்று.

தொடக்க வெளியீடுகள்

நிறுவனத்தின் முதல் வரிசை எண்ணைப் பெற்றது கிளாரினெட் இசைத்தட்டு ஒன்று. ஜெரால்டு ஃபின்சி, சார்லஸ் ஸ்டான்ஃபோர்டு ஆகியோர் இயற்றிய கிளாரினெட் கான்செர்டோக்களைத் தியா கிங் என்ற பெண் கலைஞர் வாசித்திருந்தார். இருவரும் பிரித்தானிய இசையமைப்பாளர்கள்; அக்காலத்தில் பெரிய நிறுவனங்களின் கவனத்தைப் பெறாதவர்கள். பிற்காலத்தில் நிறுவனம் சென்ற பாதையை இந்த முதல் தேர்வே காட்டிவிட்டது.

எதைப் பதிவு செய்வது என்பதில் பெரி தன் சொந்த இரசனையையே முதன்மையாக நம்பினார். சந்தை ஆய்வுக் குழுவோ இயக்குநர் அவையோ அவரிடம் இல்லை. தனக்குப் பிடித்த கலைஞர் வந்து, யாரும் அறியாத ஒரு படைப்பை வாசிக்க விரும்புகிறேன் என்றால் அதற்கு இடம் கொடுத்தார். இத்துணிவுக்குப் பலன் இரண்டே ஆண்டுகளில் கிடைத்தது.

ஹில்டெகார்டு இசைத்தட்டு

பிங்கனின் ஹில்டெகார்டு (1098–1179) ஜெர்மனியின் ரைன் ஆற்றங்கரையில் வாழ்ந்த கிறித்தவத் துறவினி. கன்னியர் மடத் தலைவியாக இருந்த இவர் இறையியல், மருத்துவம் குறித்து எழுதியதோடு பாடல்களும் இயற்றினார். இவரது இசை ஆய்வாளர்களுக்குத் தெரிந்திருந்ததே தவிர, பொதுவான இசை இரசிகர்கள் அதைக் கேட்டதில்லை.

கிறிஸ்டோபர் பேஜ் என்ற இடைக்கால இசை ஆய்வாளர் காதிக் வாய்சஸ் என்னும் பாடகர் குழுவை அமைத்திருந்தார். இக்குழு ஹில்டெகார்டின் பாடல்களை 1981 செப்டம்பரில் வட இலண்டனிலுள்ள ஒரு தேவாலயத்தில் பாடிப் பதிவு செய்தது. எம்மா கிர்க்பி உள்ளிட்ட பாடகர்கள் பங்கேற்றனர். பெரும்பாலும் மனிதக் குரல்களும், ஆங்காங்கே தொடர்ந்து ஒலிக்கும் சுருதியும் மட்டுமே இதில் உண்டு. ‘எ ஃபெதர் ஆன் தி பிரெத் ஆஃப் காட்’ என்ற பெயரில் 1982 இல் இது வெளிவந்தது.

மிகக் குறைந்த செலவில் உருவான இத்தட்டு, கிராமபோன் இதழின் விருதைப் பெற்றது. ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து விற்று, நிறுவனத்தின் மிக அதிகம் விற்ற வெளியீடுகளுள் ஒன்றாயிற்று. 1980களின் இறுதியில் நடனக்கூட இசையமைத்த இளைஞர் குழுக்கள்கூட இதன் குரல் பகுதிகளை எடுத்துத் தம் பாடல்களில் சேர்த்தன. எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு துறவினியின் இசை இன்று உலகெங்கும் கேட்கப்படுவதில் இத்தட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. இதன் வருவாய், விற்பனை குறைவாக இருக்கும் பிற பதிவுகளைத் தாங்கிப் பிடித்தது. ஒரு தட்டின் இலாபத்தில் வேறு பல தட்டுகளை உருவாக்குவது என்ற முறையே நிறுவனத்தின் பொருளாதார அடிப்படையாக அமைந்தது.

பெருந்தொகுப்புகள்

1980களின் நடுப்பகுதியில் குறுந்தட்டு பரவத் தொடங்கியது. செவ்வியல் இசை கேட்போர் அதனை முதலில் ஏற்றுக்கொண்டவர்களுள் அடங்குவர். நீள் இசைத்தட்டைவிட அதிக நேரம் ஓடக்கூடியது, இடையில் திருப்பிப்போட வேண்டியதில்லை, கீறல் ஒலி கேட்பதில்லை என்பன காரணங்கள். இவ்வளர்ச்சி தந்த வருவாயில் ஹைப்பீரியன் ஆண்டுக்கணக்கில் நீளும் திட்டங்களை மேற்கொண்டது.

சூபர்ட் பாடல்கள்: பிரான்ஸ் சூபர்ட் (1797–1828) முப்பத்தோரு ஆண்டுகளே வாழ்ந்தவர். அதற்குள் 600க்கும் மேற்பட்ட பாடல்களை இயற்றினார். பியானோ கலைஞர் கிரகாம் ஜான்சன் அவை அனைத்தையும் பதிவு செய்யும் திட்டத்தை வகுத்தார். 1987 இல் ஜேனட் பேக்கர் பாடிய தொகுதியுடன் பதிவு தொடங்கியது. ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகளில் 37 குறுந்தட்டுகளாக வளர்ந்து நிறைவுற்றது. எல்லாத் தட்டுகளுக்கும் ஜான்சனே பியானோ வாசிக்க, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு பாடகர்கள் பாடினர். லூசியா பாப், பீட்டர் ஷ்ரையர், பிரிகிட்டே ஃபாஸ்பெண்டர் போன்ற மூத்தோருடன், அப்போது இளைஞர்களாக இருந்த இயன் பாஸ்ட்ரிஜ், மத்தியாஸ் கோர்னே ஆகியோரும் இடம்பெற்றனர். ஒவ்வொரு பாடலுக்கும் ஜான்சன் விரிவான விளக்கவுரை எழுதினார். அவ்வுரைகளே பின்னர் விரிவாக்கப்பட்டு மூன்று பெருந்தொகுதிகள் கொண்ட நூலாக 2014 இல் வெளிவந்தன.

லிஸ்ட் பியானோ படைப்புகள்: ஆஸ்திரேலியாவில் பிறந்த லெஸ்லி ஹோவர்ட், பிரான்ஸ் லிஸ்ட் (1811–1886) பியானோவுக்கு எழுதிய அனைத்தையும் தனி ஒருவராக வாசித்துப் பதிவு செய்தார். கைப்பிரதியாக மட்டுமே இருந்தவையும் இதில் அடக்கம். லிஸ்ட்டின் இருநூறாம் பிறந்த ஆண்டான 2011 இல் இத்தொகுப்பு 99 குறுந்தட்டுகள் கொண்ட ஒரே பெட்டியாக வெளியிடப்பட்டது. ஒரே பியானோ கலைஞர் செய்த மிகப்பெரிய பதிவுப் பணிகளுள் இது ஒன்று.

ரொமான்டிக் பியானோ கான்செர்டோ வரிசை: பத்தொன்பதாம் நூற்றாண்டில் புகழ்பெற்றுப் பின் மறக்கப்பட்ட பியானோ கான்செர்டோக்களை மீட்பதற்காக 1991 இல் இவ்வரிசை தொடங்கியது. மோஷ்கோவ்ஸ்கி, பாதெரெவ்ஸ்கி ஆகிய இருவரின் படைப்புகள் முதல் தொகுதியில் இடம்பெற்றன. பின்னர் இது எண்பதுக்கும் மேற்பட்ட தொகுதிகளாக விரிந்தது.

இவை தவிர, ஏஞ்சலா ஹியூவிட் 1994 முதல் 2005 வரை பதிவு செய்த பாக் விசைப்பலகைப் படைப்புகளும், மார்க்-ஆந்த்ரே ஹாமெலின், ஸ்டீபன் ஹஃப் ஆகியோரின் பியானோ பதிவுகளும் குறிப்பிடத்தக்கவை. வெஸ்ட்மின்ஸ்டர் கதீட்ரல் பாடகர் குழு பாடிய ஃபிராங்க் மார்ட்டின், பிட்செட்டி ஆகியோரின் தேவாலய இசைத்தட்டு, கிராமபோன் இதழின் 1998 ஆம் ஆண்டின் சிறந்த பதிவாகத் தேர்வு பெற்றது. ஸ்டீபன் ஹஃப் வாசித்த சான்-சான்ஸ் பியானோ கான்செர்டோக்கள் 2002 இல் அதே சிறப்பை அடைந்தன.

செயல்முறை

பெரிய நிறுவனங்களில், விற்பனை குறைந்த தட்டு சில ஆண்டுகளில் பட்டியலிலிருந்து நீக்கப்படும். ஹைப்பீரியன் இயன்றவரை தன் பழைய வெளியீடுகளைக் கிடைக்கும்படி வைத்திருந்தது. அச்சில் இல்லாத தட்டுகளைக் கேட்போருக்கு ஒவ்வொன்றாக உருவாக்கித் தரும் ஏற்பாட்டையும் பின்னாளில் செய்தது. ஹீலியோஸ் என்ற பெயரில் பழைய பதிவுகளைக் குறைந்த விலையில் மறுவெளியீடு செய்தது.

ஒவ்வொரு தட்டுடனும் வரும் சிறு கையேடு மற்றொரு சிறப்பு. இசையமைப்பாளரின் வரலாறு, படைப்பின் விளக்கம், பாடலின் மூல வரிகள், அவற்றின் மொழிபெயர்ப்பு ஆகியவை அதில் இடம்பெற்றன. அறியாத இசையை வாங்கச் சொல்லும் நிறுவனம் அதனை அறிமுகப்படுத்தவும் வேண்டும் என்ற எண்ணத்தில் இது செய்யப்பட்டது.

டெட் பெரி 2003 பிப்ரவரியில் புற்றுநோயால் காலமானார். அவர் மகன் சைமன் பெரி பொறுப்பேற்றார். அதற்கு அடுத்த ஆண்டே நிறுவனம் அதன் மிகப்பெரிய சோதனையைச் சந்தித்தது.

லலாந்து வழக்கு

மிஷேல்-ரிஷார் டெ லலாந்து (1657–1726) பிரான்சு மன்னர் பதினான்காம் லூயியின் வெர்சாய் அரண்மனையில் இசையமைப்பாளராக இருந்தவர். ‘சூரிய மன்னன்’ என்று அழைக்கப்பட்ட அம்மன்னருக்காக இவர் இயற்றிய இசையை, எக்ஸ் கதீட்ரா என்னும் பாடகர் குழு ஜெப்ரி ஸ்கிட்மோரின் தலைமையில் பாடியது. ஹைப்பீரியன் அதனைப் பதிவு செய்து வெளியிட்டது. சூரியனின் தந்தை பெயரைக் கொண்ட நிறுவனத்துக்குச் சூரிய மன்னனின் இசையே இடராக வந்தது.

லலாந்து இறந்து ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஆகின்றன. எனவே அவரது இசைக்குப் பதிப்புரிமை இல்லை. ஆனால் அவருடைய கைப்பிரதிகளையும் பழைய அச்சுப் பிரதிகளையும் வைத்துக்கொண்டு இன்றைய கலைஞர் அப்படியே வாசித்துவிட முடியாது. பிரதிகளுக்குள் வேறுபாடுகள் உண்டு; பிழைகள் உண்டு; சில வாத்தியங்களுக்குரிய பகுதிகளே காணாமல் போயிருக்கும். இவற்றை ஒப்பிட்டு, திருத்தி, விடுபட்டதை நிரப்பி, இன்றைய இசைக்குறியீட்டில் எழுதித் தர ஓர் ஆய்வாளர் தேவை. ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பிப்போர் படும் பாட்டை அறிந்த தமிழ் வாசகருக்கு இவ்வுழைப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லலாந்து இசையில் வல்லுநரான லயனல் சாக்கின்ஸ் இப்பணியைச் செய்திருந்தார்.

சாக்கின்ஸ் தன் பதிப்புக்குப் பதிப்புரிமை உண்டு என்றும், விற்பனையில் உரிமத்தொகை தரப்பட வேண்டும் என்றும் கோரினார். இசைத் தாள்களைப் பயன்படுத்துவதற்கான கட்டணத்தைத் தர நிறுவனம் உடன்பட்டது. உரிமத்தொகை தர மறுத்தது. வழக்கு இலண்டன் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது.

இரு தரப்பு வாதங்களும் எளிதில் தள்ளத்தக்கவை அல்ல. நிறுவனத்தின் வாதம் இது: பதிப்பாசிரியரின் நோக்கமே லலாந்து எழுதியதை எழுதியவாறு மீட்பது. அவர் புதிய இசை எதையும் இயற்றவில்லை. அப்படியிருக்க, அதைப் புதிய இசைப் படைப்பு என்று எப்படிக் கொள்வது? சாக்கின்ஸ் தரப்பின் வாதம்: மூலத்துக்கு உண்மையாக இருக்க முயன்றதாலேயே உழைப்பும் திறமையும் இல்லாமல் போய்விடா. பிரதிகளைத் தேர்ந்து, திருத்தி, அடித்தள இசைக்கான எண்களைச் சேர்த்து, கலைஞர் வாசிக்கத்தக்கதாக ஆக்கியது அவரது சொந்தப் பணி.

நீதிபதி பேட்டன் 2004 ஜூலையில் சாக்கின்ஸுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். நிறுவனம் மேல்முறையீடு செய்தது. நீதிபதிகள் மம்மெரி, மான்ஸ், ஜேக்கப் ஆகிய மூவர் கொண்ட அமர்வு 2005 மே மாதம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. இசை என்பது தாளில் உள்ள சுரங்கள் மட்டுமன்று. எப்படி வாசிக்க வேண்டும் என்ற குறிப்புகளும் கேட்கும் ஒலியைப் பாதிக்கின்றன. எனவே அவையும் இசைப் படைப்பின் பகுதியாகலாம் என்பது தீர்ப்பின் சாரம். கையேட்டில் சாக்கின்ஸுக்கு நன்றி மட்டும் கூறப்பட்டிருந்தது. பதிப்பின் ஆசிரியர் என்று பெயர் குறிக்கப்படாதது அவரது அறநெறி உரிமையை மீறியதாகும் என்றும் முடிவானது.

கோரப்பட்ட உரிமத்தொகை பெரிதன்று. ஆனால் தோற்றவர் வென்றவரின் வழக்குச் செலவையும் ஏற்க வேண்டும் என்பது இங்கிலாந்தின் பொது நடைமுறை. மொத்தச் செலவு பத்து இலட்சம் பவுண்டை எட்டக்கூடும் என்று நிறுவனம் அஞ்சியது. திட்டமிட்டிருந்த பல பதிவுகள் நிறுத்தப்பட்டன. பல ஆண்டுகளாகத் தட்டுகளை வாங்கிவந்த இரசிகர்கள் நன்கொடை அனுப்பினர். கலைஞர்களும் ஆதரவு தெரிவித்தனர்.

தீர்ப்பைப் பற்றி இன்றும் இருவேறு கருத்துகள் உண்டு. பழைய இசையைப் பதிவு செய்யும் சிறு நிறுவனங்களின் செலவு கூடும், அதனால் அரிய இசை வெளிவருவதே குறையும் என்றனர் ஒரு சாரார். பாடுவோருக்கும் வாசிப்போருக்கும் ஊதியம் உண்டென்றால், ஆண்டுக்கணக்கில் ஏடுகளோடு உழைத்தவருக்கு மட்டும் நன்றி ஒன்றே போதுமா என்று கேட்டனர் மறு சாரார். பதிப்புரிமைச் சட்டம் பயில்வோர் இன்றும் இவ்வழக்கைப் படிக்கின்றனர்.

மீட்சி

நிறுவனம் மூடப்படவில்லை. வெளியீடுகளைக் குறைத்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தது. உலகப் புகழ்பெற்ற தாகாச் நரம்பிசை நால்வர் குழு, டெக்கா நிறுவனத்தை விட்டு இக்காலத்தில்தான் ஹைப்பீரியனுக்கு வந்தது. பதினாறாம் நூற்றாண்டு ஆங்கில இசையமைப்பாளர் வில்லியம் பேர்டின் இலத்தீன் தேவாலய இசையைக் கார்டினால்ஸ் மியூசிக் குழு பல தொகுதிகளாகப் பதிவு செய்தது. அவற்றுள் பதின்மூன்றாம் தொகுதி 2010 ஆம் ஆண்டின் சிறந்த பதிவாகக் கிராமபோன் இதழால் தேர்வு செய்யப்பட்டது.

இணையக் காலமும் விற்பனையும்

இணையத்தில் இசையைப் பதிவிறக்கும் முறை வந்தபோது ஹைப்பீரியன் தன் சொந்த இணையதளத்தின் வழியே விற்றது. கையேடுகளையும் அத்தளத்தில் படிக்கக் கிடைக்கச் செய்தது. ஆனால் மாதச் சந்தா கட்டி எல்லா இசையையும் கேட்கும் ஸ்ட்ரீமிங் முறையில் சேர மறுத்துவிட்டது.

இதற்குப் பொருளாதாரக் காரணம் உண்டு. ஸ்ட்ரீமிங்கில் ஒருமுறை கேட்பதற்குக் கிடைக்கும் தொகை மிகச் சிறியது. பெரும்பாலும் மூன்று நிமிடத் திரைப்பாட்டுக்கும் இருபது நிமிட இசைப்பகுதிக்கும் ஒரே கணக்குதான். கோடிக்கணக்கானோர் கேட்கும் பாட்டுக்கு இது கட்டுப்படியாகும். சில ஆயிரம் பேர் மட்டுமே தேடிக் கேட்கும் இசைக்குப் பதிவுச் செலவுகூடத் திரும்பி வராது. மறுபுறம், குறுந்தட்டு வாங்குவோர் ஆண்டுதோறும் குறைந்தனர். புதிய தலைமுறைக் கேட்போர், தாம் தேடும் இடத்தில் ஹைப்பீரியன் இல்லாததால் அதனை அறியாமலே போகும் நிலை ஏற்பட்டது.

2023 மார்ச்சில் யுனிவர்சல் மியூசிக் குழுமம் ஹைப்பீரியனை வாங்கியது. டெக்காவும் டாய்ச்ச கிராமபோனும் ஏற்கெனவே அக்குழுமத்தில் இருந்தன. சைமன் பெரி பொறுப்பில் தொடர்ந்தார். 2023 ஜூலை 28 அன்று முதல் 200 வெளியீடுகள் ஸ்ட்ரீமிங் தளங்களில் வந்தன. எஞ்சியவை படிப்படியாகத் தொடர்ந்தன. அதே 2023 இல் பிஸ் நிறுவனத்தை ஆப்பிள் வாங்கியது. ஒரு தலைமுறைச் சுயேச்சை நிறுவனங்களின் காலம் ஏறத்தாழ ஒரே சமயத்தில் மாறியது.

மதிப்பீடு

ஹைப்பீரியனின் வெளியீடுகள் 2000ஐத் தாண்டும். அவற்றில் பலவற்றுக்கு வேறு பதிவே இல்லை. அதாவது, இந்நிறுவனம் பதிவு செய்யாதிருந்தால் அவ்விசையை இன்று யாரும் கேட்க முடியாது. பெரிய முதலீடு இல்லாத தனிமனிதர் ஒருவர், நன்கு விற்றதின் பணத்தை விற்காததில் போட்டு இதைச் சாதித்தார் என்பது இதன் வரலாற்றுச் சிறப்பு. அதே வேளையில், மறக்கப்பட்ட இசையை மீட்பதில் கலைஞர், நிறுவனம், பதிப்பாசிரியர் ஆகியோரின் பங்கை எப்படிப் பிரிப்பது என்ற கேள்வியை நீதிமன்றம் வரை கொண்டுசென்றதும் இதே நிறுவனம்தான். லலாந்து இசைப் பதிவு, ஹில்டெகார்டு பதிவு இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இவ்வரலாற்றின் இரு பக்கங்களும் விளங்கும்: ஏடுகளில் உறங்கிய இசை ஒருமுறை நிறுவனத்தை வாழவைத்தது, மற்றொரு முறை அதனை வீழ்ச்சியின் விளிம்புவரை கொண்டு சென்றது.